கே2-18பி கிரகத்தில் உயிர் உண்டா?

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் உலகப் பத்திரிகைகள் பலவும் ஒரு செய்தியைக் கொட்டை எழுத்தில் வெளியிட்டன. பூமிக்கு வெளியே, வெகு தூரத்திலுள்ள ஒரு கிரகத்தில் ஜீவராசிகள் இருப்பதற்கு அறிகுறி அகப்பட்டு விட்டது என்பதே அச்செய்தி. அதை அறிவித்தவர்கள் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த நிக்கு மதுசூதனும் அவருடைய குழுவினரும். மதுசூதன் இந்தியாவில் பிறந்தவர். காசியில் எஞ்சினீயரிங் படித்தவர். கேட்க வேண்டுமா? நம் நாட்டில் பரபரப்பு இரட்டிப்பாயிற்று.

சில வாரங்கள் சென்றன. "எங்களுக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லையே!" என்று வேறு விஞ்ஞானிகள் சொன்னார்கள். இது பலர் கண்ணில் படவே இல்லை. கண்ணில் பட்டவர்களோ, "இந்த விஞ்ஞானிகளே இப்படித்தான், இன்று ஒன்று, நாளை ஒன்று" என்று அலுத்துக் கொண்டார்கள். இந்த அலுப்புத்தான் அபாயமானது. தடுப்பு ஊசியைப் பற்றியும் புயலைப் பற்றியும் நமக்குச் சொல்கிறவர்களும் விஞ்ஞானிகள்தானே? ஆகவே, நடந்தது என்ன என்று சற்று நிதானமாகப் பார்ப்போம்.

வெளிச்சம் கொண்டு வந்த சேதி

கே2-18பி என்பது அந்தக் கிரகத்தின் பெயர். பெயரில் அழகில்லை, ஆனால் கிரகம் விசித்திரமானது. பூமியைப் போல் எட்டரை மடங்குக்கு மேல் கனம். குறுக்களவு இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகம். ஒரு சிறிய சிவப்பு நட்சத்திரத்தை 33 நாளைக்கு ஒரு தடவை சுற்றி வருகிறது. தூரம் 124 ஒளி ஆண்டு. ஓர் ஒளி ஆண்டு என்பது சுமார் 9.46 லட்சம் கோடி கிலோ மீட்டர். நாம் இன்று ஆராய்கிற வெளிச்சம் அங்கிருந்து புறப்பட்டபோது, பாரதியாருக்கு இருபது வயது கூட ஆகவில்லை!

இவ்வளவு தூரத்தில் உள்ள கிரகத்தின் காற்றில் இன்ன வாயு இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்? மந்திரம் ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே இதைப் பார்த்திருப்பீர்கள். காஸ் அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்தால், நீல ஜுவாலை சட்டென்று மஞ்சளாகிறது அல்லவா? அது உப்பிலுள்ள சோடியத்தின் வேலை. ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென்று சில நிறங்கள் உண்டு. சூடேறினால் அந்த நிறங்களை வீசும். வெளிச்சத்தின் குறுக்கே வாயுவாக நின்றால் அதே நிறங்களை விழுங்கும். பழைய சி.டி. தட்டு ஒன்று இருந்தால், பழைய மாதிரி டியூப் லைட்டின் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நிறங்கள் தனித் தனிப் பட்டைகளாகத் தெரியும். குண்டு பல்பில் அப்படி இராது. வானவில் போல் தொடர்ச்சியாக இருக்கும். (சூரியனை மட்டும் இப்படிப் பார்க்க வேண்டாம், கண்ணுக்கு ஆபத்து.)

கே2-18பி தன் நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து போகும்போது, நட்சத்திர வெளிச்சத்தில் மிகச் சொற்ப பாகம் அதன் காற்று மண்டலத்துக்குள் புகுந்து வருகிறது. அதில் எந்த நிறம் குறைந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோ மீட்டருக்கு அப்பால் ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத உஷ்ணக் கதிர்களையும் அது பார்க்கும். அதில்தான் டைமெதில் சல்பைடு, அல்லது அதற்கு உறவான இன்னொரு வாயு, தென்பட்டதாக மதுசூதன் குழுவினர் சொன்னார்கள். பூமியில் இந்த வாயுவைப் பெரும்பாலும் உண்டாக்குவது கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள். கடற்கரையில் நம் மூக்கில் ஏறும் கடல் வாசனையில் அதற்கும் பங்கு உண்டு.

இரண்டு கோடுகளின் கதை

இந்த வித்தையில் மனிதன் முன்பு ஜெயித்ததும் உண்டு, ஏமாந்ததும் உண்டு. ஜெயித்தது நம் பக்கத்திலேயே.

1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ந் தேதி பூரண சூரிய கிரகணம். அதைப் பார்க்க பிரெஞ்சுக்காரர் ஜான்சென் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு வந்தார். சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் கருவிகளை நிறுத்தினார். சூரியனின் விளிம்பில் எழும் ஜுவாலைகளின் வெளிச்சத்தில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. முதலில் அதைச் சோடியம் என்று கருதியவர்கள் உண்டு. இங்கிலாந்தில் லாக்யர் அளந்து பார்த்து, கோடு சோடியத்தின் இடத்தில் இல்லை, சற்றுத் தள்ளி இருக்கிறது என்று கண்டார். பூமியில் காணாத ஒரு புதிய பொருளோ? அதற்கு ஹீலியம் என்று பெயரும் வைத்தாயிற்று. பொருள் மட்டும் கைக்கு வரவில்லை. 27 வருஷம் கழித்து, 1895-ல், ராம்சே என்ற ரசாயனப் பண்டிதர் ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து அந்த வாயுவைப் பிரித்தெடுத்தார். அதே மஞ்சள் கோடு!

மறு வருஷமே, அதாவது 1869 ஆகஸ்டில், அமெரிக்காவில் இன்னொரு கிரகணம். சூரியனைச் சூழ்ந்த ஒளி வட்டத்தில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. ஒருவர் அல்ல, இருவர் தனித் தனியே பார்த்தார்கள். ஹீலியத்தைப் போலவே இதுவும் புதுப் பொருள் என்று எண்ணி, "கொரோனியம்" என்று பெயர் சூட்டினார்கள். எழுபது வருஷ காலம் புத்தகங்களில் அந்தப் பெயர் வாழ்ந்தது. 1940 வாக்கில் சுவீடன் தேசத்து எட்லேன் உண்மையைக் கண்டார். அது வேறு எதுவும் இல்லை, நம் வீட்டு இரும்புதான்! பல லட்சம் டிகிரி உஷ்ணத்தில், தன் 26 எலக்ட்ரான்களில் 13-ஐ இழந்து நிற்கும் இரும்பு.

பச்சைக் கோட்டைக் கண்டவர்கள் பொய் சொல்லவில்லை. கோடு இருந்தது. அதற்குச் சொன்ன பொருள்தான் தவறு. "கண்டது நிஜமா?" என்பது ஒரு கேள்வி, "கண்டதற்கு நீங்கள் சொல்லும் அர்த்தம் நிஜமா?" என்பது வேறு கேள்வி. விஞ்ஞானச் செய்தி படிக்கும்போது இவ்விரண்டையும் கலந்து விடாமல் இருந்தால் பாதி ஏமாற்றம் போய்விடும்.

ஆயிரத்தில் மூன்று

கே2-18பி விஷயத்தில் முதல் கேள்விக்கே இன்னும் பதில் முடியவில்லை. சமிக்ஞை வெறும் தற்செயலாகத் தோன்றியிருக்க ஆயிரத்துக்கு மூன்று சந்தர்ப்பம் உண்டு என்று அக்குழுவினரே கணக்கிட்டுச் சொன்னார்கள். கண்டுபிடிப்பு என்று ஒப்புக்கொள்ள விஞ்ஞான உலகம் கேட்பது, பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. "அப்படியானால் நூற்றுக்கு 99.7 பங்கு நிச்சயம்தானே?" என்று பலர் அர்த்தம் செய்து கொண்டார்கள். அது சரியல்ல. திருட்டு வழக்கில் இரண்டே பேரை நிறுத்தி, "இவர்களில் யார்?" என்று கேட்டால், சாட்சி யாரையாவது காட்டத்தான் செய்வார். நூறு பேரை நிறுத்தினால்தான் சாட்சியின் கண் விளங்கும். பிற்பாடு வேறு குழுவினர் ஏராளமான வாயுக்களை நிறுத்திப் பார்த்தபோது, பொருந்தக் கூடியவை பல இருந்தன. பழைய பதிவுகளையும் சேர்த்துப் பார்த்த சிகாகோ குழுவினர், போதிய ஆதாரம் இல்லை என்றார்கள்.

இரண்டாவது கேள்வியும் இடிக்கிறது. 67பி என்ற வால் நட்சத்திரத்தை ரோசெட்டா விண்கலம் சோதித்த பதிவுகளில் இதே வாயு இருந்ததாக 2024-ல் அறிவித்தார்கள். பனியும் தூசியுமான வால் நட்சத்திரத்தில் ஏது நுண்ணுயிர்? எனவே வாயு உண்மையாகவே இருந்தாலும், உயிர் உண்டு என்று உடனே சொல்லிவிட முடியாது.

மதுசூதனைக் குறை சொல்வதற்கில்லை. எச்சரிக்கை தேவை என்று அவரே சொன்னார். இன்னும் 16 முதல் 24 மணி நேரம் ஜேம்ஸ் வெப் அந்தத் திசையில் பார்த்தால் விஷயம் தெளிவாகலாம் என்றும் அவர்கள் குறிப்பிட்டார்கள். தலைப்பு எழுதியவர்களுக்குத்தான் அந்தப் பொறுமை இல்லை.

ஆர்வமுள்ள வாசகர்களுக்கு ஒரு யோசனை. விஞ்ஞானச் செய்தியைக் கத்தரித்து நோட்டுப் புத்தகத்தின் இடது பக்கம் ஒட்டுங்கள்; வலது பக்கத்தைக் காலியாக விடுங்கள். அதே விஷயம் மறுபடி வரும்போது அங்கே குறித்துக் கொள்ளுங்கள். இந்தக் கிரகத்துக்கே அப்படி ஒரு நோட்டு வைத்திருந்தால், 2019-ல் "நீராவி அகப்பட்டது" என்று இடது பக்கம் இருக்கும். 2023-ல் வலது பக்கத்தில், "நீராவி தெளிவாக இல்லை, மீதேனும் கரியமில வாயுவும் உண்டு" என்று எழுதியிருப்பீர்கள். பள்ளிப் பிள்ளைகள் இதைச் செய்தால், பாடப் புத்தகத்தில் முடிந்த முடிவாக அச்சிட்டிருப்பது எப்படி உருவாகிறது என்பது கண்ணெதிரே விளங்கும்.

கிரகம் இருக்கும் திசையையாவது பார்க்க ஆசைப்படுகிறவர்கள், சித்திரை மாதத்தில் இரவு பத்து மணி சுமாருக்கு மொட்டை மாடிக்குப் போகலாம். சிம்ம ராசி ஏறக்குறைய உச்சியில் இருக்கும். மகம், பூரம், உத்திரம் மூன்றும் அதில்தான். உத்திரத்திலிருந்து தெற்கே, நீட்டிய கையின் மூடிய முஷ்டி அகலத்துக்குள்ளாகவே அந்த இடம். சிவப்பு நட்சத்திரம் மிகவும் மங்கல், வெறுங்கண்ணுக்கு அகப்படாது.