யந்திர வைத்தியம்: கிளம்ப மறுக்கும் வண்டி

மனிதனுக்கு ஜுரம் கண்டால் வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். நேற்று என்ன ஆகாரம் என்று விசாரிக்கிறார். மருந்து ஷாப்பிலுள்ள புட்டிகளையெல்லாம் வரிசையாகத் திறந்து, ஒவ்வொரு முடக்கு ஊற்றிப் பார்ப்பதில்லை. வண்டிக்கு வியாதி வந்தால் மட்டும் நம்மவர்களில் பலர் இந்த இரண்டாவது முறையைத்தான் கையாளுகிறார்கள். பாட்டரியை மாற்றுகிறார்கள், பிறகு பம்பை மாற்றுகிறார்கள், அப்புறம் நாஸிலையும் மாற்றுகிறார்கள். பணப்பை காலியான பிறகு, குழாயில் புகுந்த ஒரு காற்றுக் குமிழிதான் சகல அனர்த்தத்துக்கும் காரணம் என்று தெரிய வருகிறது!

ஆத்தூர்ச் சீமையில் இது வெறும் அசௌகரியமான விஷயம் அல்ல. வசிஷ்ட நதியின் இரு புறமும், கல்வராயன் மலையடிவாரத்திலும் விளையும் குச்சிக் கிழங்கு, பூமியை விட்டு வெளியே வந்த இரண்டு மூன்று தினங்களுக்குள் ஜவ்வரிசி ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் கிழங்கு கெடும், விலையும் விழும். தலைவாசல் சந்தைக்குப் போகும் காய்கறியோ அவ்வளவு நேரங்கூடக் காத்திராது. இந்தச் சரக்கில் ஒரு பங்கைச் சுமப்பவை சிறு மூன்று சக்கர வண்டிகள். 1999-இல் பாராமதியில் தயாராகத் தொடங்கிய 'ஆபே' முதலிய வண்டிகளில், பழையவை ஒற்றை ஸிலிண்டர் டீஸல் எஞ்சின் கொண்டவை. அந்த எஞ்சினைக் குளிரச் செய்வது நீர் அல்ல, காற்று.

டீஸல் எஞ்சினில் நெருப்புப் பொறி கிடையாது. 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீஸல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய தத்துவம் இதுதான்: காற்றை ஏறக்குறைய பதினெட்டில் ஒரு பங்காக அமுக்கினால் அது பல நூறு டிகிரி சூடேறுகிறது, அதில் எண்ணெயைத் தூவினால் தானே பற்றிக் கொள்கிறது. ஆகவே வண்டி கிளம்புவதற்கு மூன்று வேண்டும்: வேகமான சுழற்சி, வேளைக்கு வரும் எண்ணெய், கசிவில்லாத அழுத்தம். இவற்றை இதே வரிசையில் பரீக்ஷிப்பதே வைத்தியம்.

முதலாவது, சுழற்சி. முன் விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கி அணையப் பார்த்தால், பாட்டரி பலவீனம். அல்லது அதன் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்திருக்கும் களிம்பு மின்சாரத்தைத் தடுக்கிறது. வெந்நீரும் கம்பித் தூரிகையுமே இதற்குப் போதுமானாலும் போதும். விளக்கு மங்காமல் பிரகாசித்தும் எஞ்சின் அசையாவிட்டால், கோளாறு ஸ்விட்சிலோ ஸ்டார்ட்டர் மோட்டாரிலோ இருக்கிறது. நாலு பேர் தள்ளினால் உடனே பற்றிக் கொள்ளும் வண்டிக்கு எஞ்சினில் பெரும்பாலும் நோய் இல்லை. மின்சார பாகத்திலேயே தேட வேண்டும்.

இரண்டாவது, எண்ணெய். நன்றாகச் சுழன்றும் பற்றாவிட்டால் புகைக் குழாயைக் கவனியுங்கள். புகையே இல்லையென்றால் ஸிலிண்டருக்கு எண்ணெய் போகவில்லை என்று அர்த்தம். டாங்கியில் எண்ணெய் இருக்கிறதா, எஞ்சினை நிறுத்தும் கம்பி சிக்கிக் கொண்டிருக்கிறதா, வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். டாங்கி ஒரு முறை வறண்டிருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கும். வடிகட்டியின் திருகைத் தளர்த்தி, குமிழியில்லாமல் எண்ணெய் வரும் வரையில் விட்டு, பிறகு இறுக்கினால் தீரும். ஆனால் நாஸிலின் வாயருகே மட்டும் விரலை வைக்காதீர்கள். அங்கே பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

மூன்றாவது, அழுத்தம். வெண் புகை வந்தும் பற்றாவிட்டால், எண்ணெய் போகிறது, சூடு போதவில்லை. நாஸில் சரியாகத் தூவாதிருக்கலாம்; அல்லது அழுத்தம் கசியலாம். கரும் புகை வந்தால் காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். காட்டுப் பாதைப் புழுதி அதை அடைத்திருக்கக் கூடும். குளிர்ந்த காலையில் ஒழுங்காகக் கிளம்பி, ஓடிச் சூடான பிறகு மட்டும் சண்டித்தனம் செய்யும் வண்டிக்கு, தேய்ந்த பம்பின் மேல் சந்தேகம் கொள்ளலாம். சூட்டில் எண்ணெய் இளகி, தேய்ந்த இடுக்கில் கசிந்துவிடுகிறது.

காற்றால் குளிரும் எஞ்சினுக்கென்றே இரண்டு விசேஷக் கவலைகள் உண்டு. ஸிலிண்டரைச் சுற்றி விலா எலும்புகள் போன்ற தகடுகள் இருக்கின்றன. அவற்றின் இடுக்கில் சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்தால் சூடு வெளியேறாது; பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக் கொண்டு, நாளடைவில் அழுத்தம் குறையும். வால்வுக்கு விடும் இடைவெளியை, டாப்பெட் என்கிறார்களே, அதையும் எஞ்சின் ஆறிய பிறகு குறித்த கெடுவில் அளந்து வைக்க வேண்டும். இடைவெளி அற்றுப் போனால் வால்வு முழுதும் மூடாது. மார்கழிக் காலையில் வண்டி கிளம்பாது. 1950-இல் ஜெர்மனியில் உற்பத்தியான பிரசித்தி பெற்ற வோக்ஸ்வாகன் வேனுக்கும் இவ்விரண்டு கவலைகளும் உண்டு. அது பெட்ரோல் வண்டியாதலால் நெருப்புப் பொறியையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும், அவ்வளவே வித்தியாசம்.

அவசரக்காரர் சிலர் காற்று வழியில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டுவதுண்டு. எஞ்சின் பற்றினாலும் பிஸ்டனுக்குச் சேதம், கைக்கும் ஆபத்து. இதை அறவே விடுவது நலம்.

இரண்டாவது உலக யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போன போது, நம் நாட்டு பஸ்கள் கரி வாயுவில் ஓடின. மதுரை டி.வி.எஸ். நிறுவனம் அதற்கான கருவிகளை இங்கேயே செய்து கொடுத்தது. அந்நியர் அனுப்பும் சாமானுக்காகக் கைகட்டி நிற்கலாகாது என்று அன்று நினைத்தோம். அதே ரோஷம் இன்று பட்டறை வாசலிலும் வேண்டும். "ஏதோ கோளாறு, பாருங்கள்" என்று சாவியை நீட்டுகிறவர் கேட்ட பணத்தைக் கொடுப்பார். "நன்றாய்ச் சுழல்கிறது; வெண் புகை வருகிறது; வடிகட்டி போன மாதந்தான் மாற்றியது" என்று சொல்லுகிறவரிடம், நல்ல மெக்கானிக் மகிழ்ச்சியோடு வேலையை ஆரம்பிப்பார்; மற்றவர் சற்று ஜாக்கிரதையாக நடந்து கொள்வார். வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கும், வரவு செலவு பார்க்கும் வீட்டுப் பெண்மணிகளுக்கும் இந்த மூன்று கேள்விகளையும் இன்றே சொல்லி வையுங்கள்.