உட்கார்ந்தா என்ன தப்பு?

"வேலைக்கு ஆள் கிடைக்கல." படப்பை, மணிமங்கலம் பக்கம் எந்த டீக்கடையில நின்னாலும் விவசாயிங்க வாயில முதல்ல வர்ற பேச்சு இதுதான். நாத்து முத்திப் போகுது, நடவுக்கு ஆள் இல்ல. அதுக்கு அடுத்த வரியும் எல்லாருக்கும் மனப்பாடம்: நூறு நாள் வேலை ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிடுச்சு, மிச்சம் இருந்தவங்களைக் கம்பெனி வண்டி ஏத்திக்கிட்டுப் போயிடுச்சு.

நானும் கழனி வச்சிருக்கிறவன்தான். ஆள் தட்டுப்பாடு எனக்கும் இருக்கு. ஆனா அந்தச் 'சோம்பேறி'ங்கிற வார்த்தையை மட்டும் என்னால ஒத்துக்க முடியல.

எங்க கழனிக்கு நடவுக்கு வர்ற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. விடியறதுக்கு முன்னாடி எழுந்து சோறாக்கி வச்சிட்டு வந்து சேத்துல இறங்குவாங்க. மதியம் வரைக்கும் குனிஞ்ச முதுகு நிமிராது. அவங்க பொண்ணுக்குத் தாம்பரத்துல ஒரு துணிக்கடையில வேலை. 'வேலை செய்யுது'ன்னு அவங்க சொல்றதில்ல, 'கடையில நிக்குது'ன்னுதான் சொல்றாங்க. அம்மா குனிஞ்சே இருக்காங்க, பொண்ணு நின்னுக்கிட்டே இருக்கு. இதுல யாருங்க சோம்பேறி?

கடையில நிக்கிறவங்களுக்காக 2021 செப்டம்பர்ல நம்ம சட்டசபையில ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க. 1947-ம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல 22-ஏ-ன்னு ஒரு பிரிவு சேர்ந்தது. ஊழியர்களுக்கு உட்கார வசதி இருக்கணும், வேலைக்கு நடுவுல வாய்ப்பு கிடைக்கும்போது அவங்க உட்காரலாம்னு அது சொல்லுது. கேரளாவுல 2018-லேயே இப்படி ஒரு சட்டம் வந்துடுச்சு. அங்க கோழிக்கோட்டுல தையல் வேலை செஞ்ச விஜின்னு ஒரு அம்மா, 'பெண்கூட்டு'ன்னு ஒரு அமைப்பை வச்சு, கடைப் பெண்களுக்குக் கழிப்பறை வேணும், உட்கார இடம் வேணும்னு வருஷக்கணக்கா போராடினாங்க. மனுஷன் உட்கார்றதுக்கே சட்டம் போட வேண்டியிருந்ததுன்னா, உட்கார்றதை நாம எவ்வளவு பெரிய குத்தமா நினைச்சிருக்கோம் பாருங்க.

நம்ம ஊர்லயே இதுக்கு ஒரு பழைய பாடம் இருக்கு. தாம்பரம் சானடோரியம்னு ரயில்வே ஸ்டேஷன் இருக்கே, அந்தப் பேர் 1928-ல டாக்டர் சௌரிமுத்து ஆரம்பிச்ச காசநோய் ஆஸ்பத்திரியால வந்தது. அப்போ காசநோயைக் குணமாக்க மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிச்சது 1943-லதான். அதனால நல்ல காத்து, நல்ல சாப்பாடு, ஓய்வு, இதுதான் வைத்தியம். உடம்புக்கு ஓய்வும் ஒரு மருந்துன்னு நம்பி உருவான இடம் அது. அதே ஸ்டேஷன் பக்கத்துல 1984-ல மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் வந்தது. இன்னைக்குக் காலையில அங்க இறங்கி, ஷிஃப்டுக்கு நேரமாச்சேன்னு ஓடுற ஜனங்களுக்கு 'சானடோரியம்'ங்கிறது வெறும் ஸ்டேஷன் பேர்.

வேலை நேரத்துக்கு வரம்பு வேணும்ங்கிறது புதுசா வந்த கோரிக்கை இல்ல. 1923-ல சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில மே தினம் கொண்டாடினார். சரியா நூறு வருஷம் கழிச்சு, 2023 ஏப்ரல் 21-ம் தேதி, தொழிற்சாலையில ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரைக்கும் வேலை வாங்க வழிவிடுற மசோதா நம்ம சட்டசபையில நிறைவேறுச்சு. எதிர்ப்பு கிளம்பினதும், மே 1-ம் தேதி அதை வாபஸ் வாங்குறதா முதலமைச்சர் அறிவிச்சார். அன்னைக்குக் கம்பெனிக்காரனைத் திட்டின விவசாயிங்க எங்க ஊர்லயும் உண்டு. ஆனா வரப்புல ஒரு ஆயா பத்து நிமிஷம் உட்கார்ந்து வெத்தலை போட்டா, 'கூலி வாங்கலையா, எழுந்திரு'ன்னு அதட்டுறதும் அதே வாய்தான்.

இந்தக் குணம் எங்கிருந்து வருதுன்னு யோசிச்சா, நம்மகிட்ட இருந்தேதான் வருது. 'விவசாயிக்கு ஏதுப்பா லீவு'ன்னு பெருமையா சொல்லிக்கிறோம். முட்டி வலிச்சா தைலத்தைத் தேய்ச்சுக்கிட்டு மோட்டார் போடப் போறோம். சர்க்கரை வந்தாலும் வெளியில சொல்றதில்ல. தன் உடம்பு கெஞ்சுறதைக் காதுல வாங்காதவனுக்கு அடுத்தவன் உடம்பு கெஞ்சுறது எப்படிக் கேக்கும்? தன்னை உட்கார விடாதவன், அடுத்தவன் உட்கார்ந்தாலும் எரிஞ்சு விழுவான். அதனாலதான் சொல்றேன், உடம்பைப் பார்த்துக்கிறது சுயநலமோ பணக்காரங்க சமாச்சாரமோ இல்ல. அடுத்தவங்ககிட்ட நியாயமா நடக்கறதுக்கு அங்கதான் தொடக்கம்.

ஒரகடத்துக் கம்பெனி தர்ற சம்பளத்தை நெல்லு விளைவிக்கிறவன் தர முடியாது. அதை மறைச்சுப் பேசறதுல பிரயோஜனம் இல்ல. ஆனா நம்மால முடிஞ்சது சிலது இருக்கு. எத்தனை மணிக்கு இறங்கணும், எத்தனை மணிக்குக் கரையேறலாம், கூலி எவ்வளவுன்னு முதல் நாளே தெளிவா சொல்லிடலாம். கூழ் குடிக்கிற நேரத்தையும் டீ குடிக்கிற நேரத்தையும் கூலியில கழிக்காம வேலையாவே கணக்கு வைக்கலாம். குடிக்க நல்ல தண்ணி, பொம்பளைங்க ஒதுங்கறதுக்கு மறைவா ஒரு இடம், உட்கார நிழலுக்கு வரப்போரம் ரெண்டு புங்க மரம். அன்னைக்குக் கூலியை அன்னைக்கே கொடுக்கலாம், நாளைக்கு வந்து வாங்கிக்கோன்னு அலைய விடாம.

இதெல்லாம் செஞ்சா மறுநாளே ஆளுங்க வரிசையில வந்து நிப்பாங்கன்னு நான் சொல்லல. தேவையில்லாதவன்னு நினைச்சா மனுஷன் போயிடுவான், மதிச்சா திரும்பி வருவான். ஆள் கிடைக்கலன்னு டீக்கடையில சொல்றோமே, அந்த டீயை நாம உட்கார்ந்துதானே குடிக்கிறோம்? அதே டீயை அவங்களும் நம்ம வரப்புல நிம்மதியா உட்கார்ந்து குடிக்க முடியுதான்னு முதல்ல பார்ப்போம்.