5-0 அடித்த அணி மறுபடியும் 5-0 அடிக்குமா?

ஃபைனலில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்வது ரொம்பச் சுலபம். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டால்தான் சிக்கல். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "போன மேட்ச்ல இவங்கதானே அடிச்சாங்க!"

2023 ஆகஸ்ட் 12. சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஹாக்கி இறுதி ஆட்டம். இந்தியாவும் மலேசியாவும் மோதின. ஆறு நாட்களுக்கு முன்புதான் இதே மைதானத்தில், லீக் ஆட்டத்தில் இந்தியா மலேசியாவை 5-0 என்று துவைத்து எடுத்திருந்தது. முதல் நாள் அரையிறுதியில் ஜப்பானுக்கும் அதே 5-0. இதற்கு மேல் கணிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது. அந்த ஜப்பானோடு லீக்கில் இந்தியா 1-1 என்று டிரா செய்திருந்தது. பெனால்டி கார்னர்கள் வரிசையாகக் கிடைத்தும் ஒன்றுதான் உள்ளே போனது. ஒரே வாரத்தில் 1-1 என்பது 5-0 ஆகிவிட்டது. ஆக, லீக் ஸ்கோர் அரையிறுதிக்கே உதவவில்லை. ஃபைனலுக்கு மட்டும் உதவிவிடுமா?

முதல் கோலை இந்தியாவின் ஜுக்ராஜ் சிங் அடித்தார். அப்புறம் மலேசியா வரிசையாக மூன்று! பாதி ஆட்டத்தில் 1-3. 45-வது நிமிடத்தில் ஹர்மன்பிரீத் சிங் ஒன்று, அதே நிமிடத்தில் குர்ஜந்த் சிங் ஒன்று. 56-வது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங். 4-3. கோப்பை இந்தியாவுக்கு.

"இந்தியாதான்" என்று சொன்னவர்களின் விடை சரி, வழிமுறை தப்பு. கணக்கு வாத்தியார் பாதி மார்க் கூடப் போடமாட்டார்.

திருப்பூரில் இந்தத் தப்புக்கு விலை உண்டு. பனியன் கம்பெனிக்காரர் இன்றைய நூல் விலையை வைத்து காஸ்டிங் போட்டு ஆர்டர் எடுப்பார். சரக்கு கப்பல் ஏற மாதங்கள் ஆகும். அதற்குள் மில்கள் நூல் விலையை ஏற்றிவிட்டால், பேசிய ரேட்டை வெளிநாட்டு பையர் ஏற்றித் தரவா போகிறார்? 2022 மே மாதம் பஞ்சு ஒரு கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது, திருப்பூர் இரண்டு நாள் கதவடைத்துப் போராடியது. போன மாத விலையை நம்பிக் கணக்குப் போட்டவர்கள்தான் அதிகம் அடிவாங்கினார்கள்.

ஹாக்கியில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. நூல் விலைக்கு ரோஷம் கிடையாது, தோற்ற அணிக்கு உண்டு! ஐந்து கோல் வாங்கியவர்கள் ராத்திரி உட்கார்ந்து ஓட்டை எங்கே என்று தேடுவார்கள். ஐந்து கோல் போட்டவர்களுக்கு எதையாவது மாற்றவேண்டும் என்று ஏன் தோன்றப்போகிறது? போதாக்குறைக்கு, ஆடுவது அறுபதே நிமிடம். அதில் இரண்டு பெனால்டி கார்னர் உள்ளே போனால் ஆட்டமே தலைகீழ்.

2025 டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பைக்கும் இதே கதைதான். அரையிறுதியில் இந்தியாவை 5-1 என்று நொறுக்கிய ஜெர்மனி, சென்னையில் நடந்த ஃபைனலில் ஸ்பெயினோடு 1-1. கடைசியில் ஷூட்-அவுட்டில் 3-2 என்று தப்பிப் பிழைத்துத்தான் கோப்பையைத் தூக்கியது. அன்றைக்கும் "ஜெர்மனி ஊதித்தள்ளிடும்" என்று சொன்னவர்கள், மறுநாள் டீக்கடையில் "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்றுதான் ஆரம்பித்திருப்பார்கள்.