கழிவுநீர் நிலையம்: 386 கோடி டாலருக்கு ஓகே சொன்னது சரியா?

கனடாவின் மெட்ரோ வான்கூவரில் புதிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு 2018-ல் போட்ட பட்ஜெட் 70 கோடி கனடா டாலர். 2024 மார்ச்சில் அது 386 கோடி!

ஒப்பந்த நிறுவனம் பாதியில் மாறியது, வடிவமைப்பைத் திருத்தியது, விலைவாசி ஏறியது... இவை நிர்வாகம் சொல்லும் காரணங்கள்.

‘அப்போ நிறுத்திடலாமே?’ முடியாது. பழைய நிலையம் கசடை மட்டும் பிரித்துவிட்டு, மீதியைக் கடலில் விடுகிறது. நுண்ணுயிரிகளைக் கொண்டு செய்யும் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்புக்கு அரசு வைத்த கெடுவோ 2020-லேயே முடிஞ்சாச்சு.

ஆக, ஒப்புதல் தந்தது சரிதான். ஆனால், பில் கட்டப்போவது மக்கள். ஒரு கட்ட வேலை முடிந்து, கணக்கைப் பொதுவெளியில் வைத்த பிறகே அடுத்த தவணை தரணும். இல்லேன்னா 386 கோடியும் கடைசித் தொகையாக இருக்காது.