கோப்பையும் தராசும்

கேக் செய்முறைகள் பலவும் ‘இரண்டு கோப்பை மைதா’ என்றே தொடங்குகின்றன. அது எந்த நாட்டுக் கோப்பை என்பதை அவை சொல்வதில்லை. அமெரிக்க அளவுக் கோப்பை ஏறத்தாழ 240 மில்லிலிட்டர் கொள்ளும். ஆஸ்திரேலியக் கோப்பை 250, ஜப்பானியக் கோப்பை 200. தில்லியிலோ புனேயிலோ ஒரு வீட்டுத் தேநீர்க் கோப்பை இவற்றுள் எதனோடும் பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே கேக்குக்கு மைதாவை முகந்து அளப்பதைவிட நிறுத்து எடுப்பதே தக்க முறையாகும்.

முகத்தல் அளவை தாழ்ந்தது அன்று. 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால் என நெல்லையும் அரிசியையும் தமிழர் முகந்தே அளந்தனர். இட்லிக்கு நான்கு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. அளப்பது உழக்காயினும் பழைய டம்ளராயினும், இரண்டையும் ஒரே பாத்திரத்தால் அளந்தால் விகிதம் கெடாது. ஊரும் வீடும் பாத்திரமும் மாறிய பின்னும் பாட்டியின் இட்லிக் கணக்கு பிழையாமல் வருவது இதனால்தான்.

கேக்கின் நிலை வேறு. அதில் மைதா கோப்பையால் முகக்கப்படுகிறது. வெண்ணெய் 100 கிராம் பொட்டலமாக வருகிறது. முட்டை எண்ணிக்கையால் சேர்கிறது. கோப்பை பெரிதானால் மைதா மட்டும் கூடும். மற்றவை அப்படியே நிற்கும்.

மேலும், மைதா அரிசியைப் போன்றதன்று. அழுத்தினால் அமுங்கும், சலித்தால் பொங்கும். 240 மில்லிலிட்டர் கோப்பையில் மெல்லத் தூவித் தலைதட்டினால் ஏறத்தாழ 120 கிராம் நிற்கும். அதே கோப்பையை மாவுப் பைக்குள் அமிழ்த்தி அள்ளினால் 150 கிராம் வரை ஏறும். இரண்டு கோப்பைக்கு 60 கிராம் வேறுபாடு. அரைக் கோப்பை மைதா எவரும் அறியாமல் உள்ளே போய்விடுகிறது. கேக் இறுகி உலர்ந்து வெளிவரும்போது பழியோ அடுப்பின்மேல் விழுகிறது! ‘ஒரு கோப்பை சலித்த மைதா’ என்பதும் ‘ஒரு கோப்பை மைதாவைச் சலித்து’ என்பதும்கூட ஒன்றல்ல. முன்னது சலித்தபின் அளப்பது. ஆதலால் எடை குறைவு.

‘ஒரு கோப்பைக்கு எத்தனை கிராம்?’ என்னும் கேள்விக்கு ஒரே விடை இல்லாததும் இதனால்தான். 240 மில்லிலிட்டர் கோப்பையில் தண்ணீர் 240 கிராம், வெண்ணெய் ஏறத்தாழ 227, சர்க்கரை 200. பழைய ஆங்கிலேய முறையில் இக்குழப்பமே எழவில்லை. மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 454 கிராம். ‘பவுண்டு கேக்’ என்னும் பெயர் அதனால் வந்ததே.

கைப்பக்குவம் இருக்கத் தராசு எதற்கு என்பார் உளர். கைப்பக்குவம் ஒரே சமையலறையில் பல்லாண்டு பழகி வருவது. தொலைபேசியில் அத்தை சொல்லும் ‘ஒரு கோப்பை’யுடன் அது ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்வதில்லை. அத்தை தம் கோப்பை மைதாவை ஒருமுறை நிறுத்துப் பார்த்துக் கிராமில் சொன்னால், அவருடைய கேக் மருமகளின் வீட்டிலும் அவ்வாறே வரும்.

தராசுக்கும் ஓர் எல்லை உண்டு. அரைத் தேக்கரண்டிச் சமையல் சோடா இரண்டு மூன்று கிராமே இருக்கும். முழுக் கிராம்களை மட்டுமே காட்டும் வீட்டுத் தராசு அங்கே எளிதில் தவறும். அதற்குத் தலைதட்டிய அளவுக் கரண்டியே நம்பத்தக்கது.