கருவைச் சுள்ளிக்குத் தோட்டத்தில் வேலை இருக்கிறது

ராமநாதபுரம் மாவட்டம் ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்பார்கள். அந்தப் பெருமையோடு, கருவை என்று சொல்லப்படும் சீமைக் கருவேலமும் வட்டாரமெங்கும் மண்டிக் கிடக்கிறது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னது. 2022-ல் தமிழக அரசு ஆக்கிரமிப்பு அயல் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது.

பேச்செல்லாம் வெட்டுவதைப் பற்றித்தான். வெட்டியது எங்கே போகிறது? கட்டை கரி மூட்டத்துக்குப் போகிறது. யாருக்கும் வேண்டாத விரல்மொத்தச் சுள்ளியும் முள்கிளையும் குவிந்து கிடந்து, கடைசியில் தீக்கு இரையாகின்றன. அவை வீட்டுத் தோட்டத்துக்கு வரவேண்டும்.

கிளைகளை அடியில் புதைத்து அவற்றின்மேல் மேட்டுப்பாத்தி போடும் முறையை உலகறியச் செய்தவர்களில் ஒருவர் ஆஸ்திரிய விவசாயி செப் ஹோல்சர். அவருடைய மேடுகள் ஆளுயரம் எழும்பும். ராமநாதபுரத்து வெயிலுக்கும் காற்றுக்கும் அந்த உயரம் ஆகாது, காய்ந்துவிடும். இங்கே ஒன்றரை அடிக் குழி எடுத்துச் சுள்ளியை நெருக்கமாக மிதித்து அடுக்கி, மேலே ஒரு அடி மட்டும் மண் ஏற்றினால் போதும். மட்கும் கட்டை ஐப்பசி மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும். வேர் நிற்கும் இடம் மேடாக இருப்பதால் அடைமழையில் கத்தரியும் வெண்டையும் அழுகாது.

ஆனால் கருவையை அப்படியே புதைத்தால் வம்பு. அதன் இலையில் மற்ற விதைகளின் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. நெற்று உள்ளே போனால் பாத்தியே கருவைக் காடாகும். எனவே கிளையை நன்றாக உலர்த்தி, இலையையும் நெற்றையும் தட்டி உதிர்த்த பிறகே போடவேண்டும். உலர்ந்த கிளை துளிர்க்கவும் செய்யாது. முள்ளுள்ள கிளை அடியிலேயே இருக்கட்டும், களை எடுக்கும் கைக்கு எட்டக்கூடாது.

இன்னொரு சிக்கல் தழைச்சத்து. கட்டை மட்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி வெளிறும். சுள்ளிக்கு இடையிடையே ஆட்டுப்புழுக்கையும் சாணமும் போட்டு, முதல் போகத்தில் தட்டைப்பயறு விதைத்தால் இதைச் சமாளிக்கலாம். கரையான் வரும். கட்டையைத்தான் தின்னும் என்று விட்டுவிடவும் முடியாது. நாற்றின் தண்டையும் அரிக்கும். வேப்பம்புண்ணாக்கு கலந்த மண்ணை மேலே போடுவது நல்லது.

இதற்குப் பெரிய திட்டமோ மானியமோ தேவையில்லை. கண்மாய்க் கருவையை வெட்ட ஏலம் விடும்போது ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும்: கட்டையை எடுப்பவர் சுள்ளியைக் கொளுத்தாமல், இலையும் நெற்றும் உதிர்த்துக் கரையில் அடுக்கிவிட்டுப் போகவேண்டும். அதைப் பள்ளித் தோட்டத்துக்கும் கேட்கும் வீடுகளுக்கும் ஊராட்சி பிரித்துக் கொடுக்கலாம். அடுத்த ஏலத்திலேயே இதைத் தொடங்க என்ன தடை?