சிலிண்டருக்கு மேலே 50 ரூபாய்... டெலிவரி காசு யார் பையில்?

"அக்கா, கேஸ்!" என்று வாசலில் குரல் கேட்டதும் இல்லத்தரசிகள் தேடுவது சிலிண்டர் பணத்தை அல்ல. அது முதல் நாளே எண்ணி வைத்தாச்சு. அதுக்கு மேலே கொடுக்க வேண்டிய 50 ரூபாயைத்தான் டப்பா டப்பாவாகத் தேடுகிறார்கள்.

2025 ஏப்ரலில் வீட்டு சிலிண்டர் விலை 50 ரூபாய் ஏறி, சென்னையில் 868 ரூபாய் 50 காசு ஆனது. அப்போது எவ்வளவு கூச்சல்! ஆனால் அதே 50 ரூபாயை வாசலில் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறோம். மாடி வீடு என்றால் கேட்கவே வேண்டாம், ரேட்டே தனி.

விதி என்ன சொல்கிறது? ரசீதில் போட்டிருக்கும் தொகைக்கு மேல் ஒரு பைசா தர வேண்டாம். எத்தனையாவது மாடியாக இருந்தாலும் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது ஏஜென்சியின் பொறுப்பு. ஏனென்றால் டெலிவரி கூலியும் சிலிண்டர் விலைக்குள்ளேயே இருக்கிறது. 14.2 கிலோ சிலிண்டருக்கு 2025-ல் ஏஜென்சிக்குக் கிடைத்த கமிஷன் 73 ரூபாய். அதில் 33 ரூபாய்ச் சொச்சம் டெலிவரிக்கென்றே ஒதுக்கியது. நீங்களே குடோனுக்குப் போய் எடுத்து வந்தால் டெலிவரி காசைக் கழித்துத் தர வேண்டும். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்போ கேஸ்காரர் அநியாயம் பண்றாரா? அவசரப்பட வேண்டாம். கேஸும் இரும்பும் சேர்த்து கிட்டத்தட்ட 30 கிலோ. தோளில் தூக்கி மூணு மாடி ஏறிப் பார்த்தால் தெரியும். "ஏஜென்சியில சம்பளம்னு பெருசா எதுவும் இல்லைங்க, நீங்க குடுக்கறதுதான்" என்று பல கேஸ்காரர்கள் சொல்வதை எல்லோரும் கேட்டிருப்போம்.

சரி, அந்த 33 ரூபாய் எங்கே போகிறது? டீசல், வண்டி வாடகை போக தொழிலாளி கைக்கு எவ்வளவு வருகிறது என்று நமக்குத் தெரிய வழியில்லை. ஏஜென்சிக்காரர்களைக் கேட்டால் கமிஷனே கட்டுபடியாகவில்லை என்கிறார்கள். 150 ரூபாயாக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் ஸ்டிரைக் எச்சரிக்கையே விட்டார்கள். கடைசியில் வாசலில் மல்லுக்கட்டுவது கூலிக்காரரும் கூலிக்காரரும்தான். ஆயில் கம்பெனியும் ஏஜென்சியும் அந்த இடத்திலேயே இல்லை!

பணம் தர மாட்டேன் என்றால் அடுத்த தடவை சிலிண்டர் லேட்டாகுமோ, "கதவு பூட்டியிருந்தது" என்று எழுதிவிடுவாங்களோ என்ற பயம் வேறு. இந்தப் பயம்தான் 50 ரூபாயைப் பழக்கமாக்கியது.

ரசீதிலேயே "டெலிவரி கூலி இவ்வளவு" என்று ஒரு வரி அச்சடித்தால் பாதி சண்டை தீரும். கம்பெனிகளுக்கு இது பெரிய வேலையா என்ன?

அதுவரை செல்போனுக்கு வரும் 4 இலக்க டெலிவரி நம்பரை ரசீது வாங்கிய பிறகு சொல்லுங்கள். எடையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சிலிண்டர் மேலே எழுதியிருக்கும் காலி எடையோடு 14.2 கிலோ கூட இருக்க வேண்டும்.

கட்டாயப்படுத்திக் கேட்டால் புகாருக்கு 1800-2333-555 இலவச எண் இருக்கிறது. புகாரில் ஏஜென்சி பெயரைச் சொல்லுங்கள். மூட்டை தூக்கியவர் பெயர் வேண்டாம்.